குழந்தையின் வாயில் டேப் ஒட்டித் தூங்க வைக்கலாமா? குறட்டை விடும் பிள்ளைகளின் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

ராத்திரி பிள்ளை வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறதா? கூடவே குறட்டையா? காலையில் தலையணை எல்லாம் எச்சில் ஈரமா? செல்போனில் இதைப் பற்றி ஒரு தடவை தேடிவிட்டால் போதும், அடுத்தடுத்து ரீல்ஸ் வர ஆரம்பித்துவிடும். ‘உதட்டின் மேல் சின்னதா ஒரு டேப் ஒட்டுங்க, பிள்ளை மூக்கால மூச்சு விடப் பழகிடும், முக அமைப்பும் அழகாகிடும்’ என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்வார். கீழே டேப் வாங்குவதற்கான லிங்க்கும் இருக்கும்.

சுருக்கமான பதில் இதுதான்: குழந்தைக்கு ஒட்டாதீர்கள். கைக்குழந்தைக்கு எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. ஏன் கூடாது, அப்படியென்றால் வேறு என்னதான் செய்வது என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

இந்த டேப் பழக்கம் எங்கிருந்து வந்தது?

புதுசு மாதிரி தெரிந்தாலும் யோசனை பழையது. ஜார்ஜ் கேட்லின் என்ற அமெரிக்க ஓவியர் 1860-களிலேயே ‘வாயை மூடு, உயிரைக் காப்பாற்று’ என்ற பொருளில் ஒரு புத்தகம் போட்டார். அமெரிக்கப் பூர்வகுடித் தாய்மார்கள், தூங்கும் குழந்தையின் உதடுகளை விரலால் சேர்த்து மூடிவிடுவதைப் பார்த்ததாக எழுதியிருந்தார். அவர் டாக்டர் கிடையாது. 2020-ல் ஜேம்ஸ் நெஸ்டர் என்ற பத்திரிகையாளர் மூச்சு பற்றி எழுதிய புத்தகம் உலகம் முழுக்க விற்றது. டேப் ஒட்டித் தூங்கும் பழக்கம் அதற்குப் பிறகுதான் பெரிதாகப் பரவியது. பெரியவர்கள் தங்களுக்கே ஒட்டிக்கொண்ட விஷயம், சத்தமில்லாமல் பிள்ளைகள் பக்கமும் வந்துவிட்டது. சிக்கலே அங்கேதான்.

மூக்கால் மூச்சு விடுவது நல்லது என்பதில் சந்தேகமே இல்லை. உள்ளே போகும் காற்றை மூக்கு சூடாக்குகிறது, ஈரமாக்குகிறது, தூசியை வடிகட்டுகிறது. மூக்கைச் சுற்றியுள்ள சைனஸ் அறைகளில் உருவாகும் நைட்ரிக் ஆக்சைடு வாயுவும் அந்தக் காற்றோடு சேர்ந்து நுரையீரலுக்குப் போகிறது. வாய்வழியாக விட்டால் இது எதுவும் நடக்காது. தொண்டை வறளும், பல் சொத்தை விழ வாய்ப்பு கூடும், வாய் நாற்றமும் வரும். ரீல்ஸில் சொல்வதில் இந்தப் பாதி சரிதான். ‘அதனால் வாயை அடைத்துவிடு’ என்கிற மறுபாதிதான் தப்பு.

பிள்ளை ஏன் வாயைத் திறக்கிறது?

மூக்கால் போதுமான காற்று போகவில்லை. அதனால் வாய் திறக்கிறது. பெரும்பாலான பிள்ளைகளின் கதை இவ்வளவுதான்.

மூக்கின் பின்பக்கம், உள்நாக்குக்கு மேலே, கண்ணாடியில் பார்த்தால் தெரியாத இடத்தில் அடினாய்டு என்ற சதை இருக்கிறது. ‘மூக்குல சதை வளர்ந்திருக்கு’ என்று நம்ம ஊரில் சொல்வது பல நேரம் இதைத்தான். எல்லாப் பிள்ளைக்கும் இருக்கும், இருக்க வேண்டியதும்கூட. கிருமிகளை அடையாளம் காணும் வேலையில் அதற்கும் பங்கு உண்டு. பால்வாடி வயதிலும் ஆரம்பப் பள்ளி வயதிலும் பெரிதாகி, பத்து வயதுக்கு மேல் சுருங்கத் தொடங்கும். சிலருக்கு மட்டும் அளவுக்கு மீறி வீங்கி, மூக்கின் பின்வாசலையே அடைத்துவிடுகிறது. இந்த அடைப்பை டென்மார்க் நாட்டு மருத்துவர் வில்ஹெல்ம் மேயர் விவரித்து எழுதியது 1868-ல். 150 வருஷத்துக்கு மேல் மருத்துவ உலகத்துக்குத் தெரிந்த பிரச்சனை இது. எந்த இன்ஸ்டா பக்கமும் கண்டுபிடித்ததல்ல.

அடினாய்டோடு டான்சிலும் வீங்கியிருக்கலாம். அலர்ஜி சளி இன்னொரு பெரிய காரணம். மூக்குத் தண்டு வளைந்திருப்பது, அதிக எடை, தாடை சிறியதாக இருப்பது எல்லாம் அதற்கு அடுத்த வரிசையில் வரும். ஒரே ஒரு பக்கம் மட்டும் அடைத்து, நாற்றத்தோடு சளி வடிந்தால் அது தனிக் கதை. புளியங்கொட்டை, மணி, பென்சில் ரப்பர் என்று பிள்ளை எதையாவது மூக்கில் போட்டுக்கொண்டிருக்கும். அது பொம்மையிலோ ரிமோட்டிலோ இருந்த வட்ட பேட்டரியாக இருந்தால் அன்றைக்கே, அந்த மணி நேரமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சில மணி நேரத்திலேயே உள்ளே புண்ணாக்கிவிடும்.

வாய் திறந்திருப்பதால் முகம் நீளமாகிவிடும் என்ற பயத்தைத்தான் டேப் விற்பவர்கள் அதிகம் பிடித்துக்கொள்கிறார்கள். நீண்ட நாள் வாய்வழி மூச்சுக்கும் தாடை, பல்வரிசை மாற்றத்துக்கும் தொடர்பு இருப்பது உண்மை. எகில் ஹார்வோல்ட் என்ற பல் சீரமைப்பு ஆராய்ச்சியாளர் 1970-களில் இளம் குரங்குகளின் மூக்கை அடைத்துவைத்து ஒரு சோதனை செய்தார். குரங்குகள் வாயால் மூச்சுவிடப் பழகின, போகப்போக பல்லும் தாடையும் மாறின. கொடூரமான சோதனைதான். ஆனால் அதில் எது முதலில் நடந்தது என்று கவனியுங்கள். முதலில் மூக்கு அடைபட்டது, வாய் திறந்தது அதற்குப் பிறகு. சரிசெய்ய வேண்டியது எது என்று இதிலேயே தெரிகிறது.

டேப் ஒட்டினால் என்ன ஆபத்து?

முத்துக்குளித்துறை என்று பேர் வாங்கிய தூத்துக்குடிக் கடற்கரைக்கு மூச்சைப் பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. இங்கே அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. காலில் கல் கட்டி, ஒரே மூச்சில் கடலடிக்குப் போய், ஒரு நிமிஷத்துக்குள் சிப்பி அள்ளிக்கொண்டு மேலே வந்த பரம்பரை இது. மேலே படகில் கயிற்றைப் பிடித்திருப்பவர் கையில்தான் குளிப்பவரின் உயிர். அதனால் மைத்துனரிடம்தான் கயிற்றைக் கொடுப்பார்கள் என்று கரையில் சொல்வார்கள். தங்கச்சி தாலிக்கு ஆபத்து வர விடமாட்டான் என்ற கணக்கு. இன்றைக்கும் திரேஸ்புரம் பக்கம் சங்கு குளிக்கப் போகிறவர்கள் கம்ப்ரஸரில் இருந்து வரும் குழாயை வாயில் கவ்விக்கொண்டுதான் இறங்குகிறார்கள். மூச்சு போதவில்லை என்றால் கயிற்றை அசைக்கலாம், மேலே வந்துவிடலாம்.

டேப் ஒட்டிய பிள்ளைக்கு அந்தக் கயிறு கிடையாது. மூக்கு ஏற்கனவே பாதி அடைத்திருக்கிறது. நடுராத்திரி சளி கூடி மீதியும் அடைத்தால், மிச்சம் இருந்த ஒரே வழியை நாமே ஒட்டி மூடியிருப்போம். பெரியவர் என்றால் முழித்துக்கொண்டு பிய்த்துப் போட்டுவிடுவார். மூன்று வயசுப் பிள்ளை தூக்கக் கலக்கத்தில் அதைச் செய்யும் என்று நம்பி இருக்க முடியுமா? கைக்குழந்தையால் சுத்தமாக முடியாது.

அடுத்தது வாந்தி. பிள்ளைகள் எப்போது வாந்தி எடுக்கும் என்று சொல்ல முடியாது. இருமி இருமி எடுக்கும், காய்ச்சலில் எடுக்கும், ராத்திரி குடித்த பாலை அப்படியே எடுக்கும். வாய் மூடியிருந்தால் வந்தது வெளியே வர வழியில்லாமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்கலாம். மூச்சுத் திணறலும் நிமோனியாவும் வரக்கூடிய ஆபத்து இது. வலிப்பு உள்ள பிள்ளைக்கும், தசை பலவீனம் அல்லது வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைக்கும், தூக்கம் வரவைக்கும் சளி மருந்து குடித்த பிள்ளைக்கும் இந்த ஆபத்து இன்னும் அதிகம். தோல் உரிவது, அலர்ஜித் தடிப்பு எல்லாம் இதோடு ஒப்பிட்டால் சின்ன விஷயம்.

உடனே கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஒன்றும் இருக்கிறது. குறட்டை விடும் பிள்ளைகளில் சிலருக்கு ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய் இருக்கும். குழந்தைகளில் 100 பேருக்கு 1 முதல் 5 பேர் வரை இது இருக்கிறது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2012-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. டேப் ஒட்டினால் குறட்டைச் சத்தம் குறையலாம். ‘சரியாயிடுச்சு’ என்று வீட்டில் எல்லோரும் நிம்மதி ஆகிவிடுவார்கள். உள்ளே மூச்சுத் தடை அப்படியே இருக்கும். சத்தம் போட்டுக் கூப்பிட்ட நோயின் வாயைத்தான் மூடியிருப்போம்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

‘சயின்ஸ் நிரூபிச்சிருக்கு’ என்று சொல்லும் வீடியோக்கள் ஏராளம். 2025 மே மாதம் ‘பிளாஸ் ஒன்’ அறிவியல் இதழில் கனடா ஆய்வாளர்கள் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். வாயை டேப் ஒட்டியோ வேறு வகையிலோ மூடிப் பார்த்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்தால் தேறியது மொத்தம் 10 ஆய்வு, 213 பேர். அவ்வளவுதான். அதில் மூச்சுத் தடை குறிப்பிடும்படியாகக் குறைந்ததாகக் காட்டியவை 2 மட்டும். மூக்கடைப்பு உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறல் ஆபத்து இருப்பதாக 4 ஆய்வுகள் எச்சரித்தன. இத்தனை ரீல்ஸுக்கும் பின்னால் இருக்கும் ஆதாரம் இவ்வளவு மெலிசு. பிள்ளைகளுக்குப் பாதுகாப்பானது என்று சொல்வதற்கு இதில் எதுவும் இல்லை.

2024-ல் ‘ஜாமா’ குழுமத்தின் காது மூக்கு தொண்டை இதழில் வந்த இன்னொரு ஆய்வில், ஸ்லீப் ஆப்னியா உள்ள 54 பெரியவர்களை மருந்து கொடுத்துத் தூங்கவைத்து வாயை மூடிப் பார்த்தார்கள். பலருக்குக் காற்றோட்டம் மேம்பட்டது உண்மை. ஆனால் வாய்வழி மூச்சையே அதிகம் நம்பியிருந்தவர்களுக்குக் காற்றோட்டம் இன்னும் குறைந்துபோனது. யார் ரொம்பவும் வாயால் மூச்சு விடுகிறார்களோ, அவர்களுக்குத்தான் பாதகம். நம்ம பிள்ளை எந்த வகை என்று வீட்டில் பார்த்துச் சொல்ல வழி இல்லை.

‘எனக்கு ஒட்டிப் பார்த்தேன், நல்லாத்தான் இருந்துச்சு’ என்று சொந்தக்காரர் யாராவது சொல்லலாம். இருக்கலாம். அவருக்கு அடினாய்டு சுருங்கிப் பல வருஷம் ஆகியிருக்கும்.

வீட்டில் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது?

கடற்கரை ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம். மெத்தை, தலையணை, பஞ்சு பொம்மைகளில் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிக்கு அது கொண்டாட்டம். அலர்ஜி சளிக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இந்தப் பூச்சிதான். தூத்துக்குடியில் துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரி, அனல்மின் நிலையம், லாரிப் போக்குவரத்து, ஆடிக்காற்றில் பறக்கும் புழுதி என்று வெளித்தூசிக்கும் குறைவில்லை. எல்லாப் பிள்ளையின் மூக்கடைப்புக்கும் இதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஏற்கனவே அலர்ஜி உள்ள மூக்கைத் தூசி கிளறிவிடும். படுக்கை விரிப்பு, தலையணை உறையை வாரம் ஒருமுறை நல்ல சுடுதண்ணீரில் அலசி, வெயிலில் காயப்போடுவது செலவில்லாத வைத்தியம். பஞ்சு பொம்மையைக் கட்டிலில் இருந்து எடுத்துவிடலாம். பெருக்குவதற்குப் பதில் ஈரத்துணியால் துடைக்கலாம்.

அடுத்து புகை. கொசுவத்திச் சுருள், அப்பாவின் பீடி, சிகரெட் மட்டுமில்லை. பிள்ளையைக் குளிப்பாட்டியதும் ஆச்சி போடும் சாம்பிராணியும் புகைதான். சளி போகட்டும் என்று பாசத்தோடு போடுவதுதான், மூக்கடைத்த பிள்ளைக்கு அது எரிச்சலைத்தான் கூட்டும்.

இன்னொரு பழக்கத்தை டேப்பைவிடக் கண்டிப்பாக நிறுத்த வேண்டும். பச்சைக் குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடுவது, வாய் வைத்து ஊதுவது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் போய் ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். தென்னிந்தியக் குழந்தைகளிடம் இது நடந்ததை மருத்துவ இதழ்கள் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கின்றன. மூக்கடைத்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும்.

அதை வாங்கும்போது பாட்டிலைப் பார்த்து வாங்குங்கள். உப்புநீர்ச் சொட்டு வேறு, அடைப்பை உடனே திறந்துவிடும் சைலோமெட்டாசோலின் போன்ற சொட்டு வேறு. இரண்டாவது வகையை டாக்டர் சொல்லாமல் பிள்ளைக்கு விடக்கூடாது. சொன்னாலும் சில நாட்களுக்குத்தான். தொடர்ந்து விட்டால் மூக்கு முன்பைவிட மோசமாக அடைக்கும். சளி சிரப்பும் அப்படித்தான். குளோர்பெனிரமைன், பினைல்எப்ரின் இரண்டும் சேர்ந்த மருந்தை 4 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிட, மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய பாட்டிலை ஒருதரம் எடுத்துப் பாருங்கள்.

ஏற்கனவே சில ராத்திரி டேப் ஒட்டிவிட்டீர்களா? இன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிள்ளை நன்றாக இருந்தால் பதற வேண்டாம். ஆனால் எதற்காக ஒட்டினீர்களோ அந்தப் பிரச்சனை அப்படியே இருக்கிறது, அதற்கு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

சளி பிடித்த நாலு நாள் வாய் திறந்து தூங்குவது சாதாரணம். சளி இல்லாதபோதும் வாரத்தில் பாதி நாளுக்கு மேல் குறட்டை விட்டால் காட்டுங்கள். குறட்டை நடுவே சத்தம் நின்று, சில விநாடி அமைதியாகி, பிறகு திடுக்கிட்டு ‘கர்ர்’ என்று மூச்சை இழுத்தால் தள்ளிப்போடவே கூடாது. கழுத்தைப் பின்னால் வளைத்துத் தூங்குவது, ராத்திரி முழுக்க வேர்த்துக்கொட்டி உருளுவது, பழக்கம் விட்டுப்போன பிறகு மறுபடி படுக்கையை நனைப்பது, காலையில் தலைவலி, வயதுக்கேற்ற எடை ஏறாதது, அடிக்கடி காது வலி, கூப்பிட்டால் காது கேட்காத மாதிரி இருப்பது எல்லாம் இதோடு சேர்ந்து வரலாம்.

தூக்கம் கெட்டால் பெரியவர்கள் பகலில் தூங்கி விழுவார்கள். பிள்ளைகள் அப்படி இல்லை, நேர்மாறாக ஒரு இடத்தில் நிற்காமல் ஆடும், எரிந்து விழும், வகுப்பில் கவனம் இருக்காது. ‘சேட்டைக்காரன்’ என்று டீச்சரிடம் அடி வாங்கும் பையன் ராத்திரி ஒழுங்காக மூச்சு விடாதவனாக இருக்கலாம். யாரும் அதைக் கேட்பதில்லை.

உதடு நீலமாவது, நெஞ்சுக்கூடு உள்வாங்க மூச்சு இழுப்பது, எழுப்பினாலும் சரியாக எழாமல் இருப்பது தெரிந்தால் விடியும்வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

எங்கே போவது? என்ன செய்வார்கள்?

முதலில் குழந்தை மருத்துவர் அல்லது காது மூக்கு தொண்டை மருத்துவர். தூத்துக்குடியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், பக்கத்தில் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் ஓ.பி. சீட்டு போட்டுக் காட்டலாம். அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் பரிசோதனைக்கு வரும் சிறார் நலத்திட்ட மருத்துவக் குழுவிடமும் சொல்லலாம். 2013-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் 18 வயது வரை பார்க்கிறார்கள், தேவைப்பட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

போகும்போது ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். பிள்ளை ஆழ்ந்து தூங்கும்போது, முகமும் நெஞ்சும் தெரிகிற மாதிரி, சத்தத்தோடு ஒன்றிரண்டு நிமிஷம். ‘நல்லா குறட்டை விடுறான் டாக்டர்’ என்று பத்துத் தரம் சொல்வதைவிட அது உதவும்.

மூக்குக்குக் கீழே உலோகத் தகட்டையோ கண்ணாடியையோ பிடித்து, ஆவி படிகிறதா என்று பார்ப்பது டாக்டர்கள் செய்யும் எளிய சோதனை. தேவைப்பட்டால் பக்கவாட்டில் ஒரு எக்ஸ்ரே, அல்லது மெல்லிய கேமராக் குழாயை மூக்கில் விட்டுப் பார்ப்பது. சிலருக்கு மட்டும் ஒரு ராத்திரி முழுக்கத் தூக்கப் பரிசோதனை. அந்த வசதி எல்லா ஊரிலும் இருக்காது.

அலர்ஜி என்றால் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே சில வாரம் தருவார்கள். ‘ஸ்டீராய்டா?’ என்று பயந்து நடுவில் நிறுத்திவிடுபவர்கள் நிறைய. டாக்டர் சொன்ன அளவில் அடித்தால் பெரும்பாலும் மூக்கோடு வேலையை முடித்துக்கொள்ளும் மருந்துதான். பலருக்கு இதிலேயே அடினாய்டு வீக்கமும் குறையும்.

ஆபரேஷன் எல்லோருக்கும் வேண்டுமா என்றால், இல்லை. அமெரிக்காவில் ஸ்லீப் ஆப்னியா உள்ள 5 முதல் 9 வயது வரையிலான 464 பிள்ளைகளை வைத்து நடந்த பெரிய ஆய்வு, 2013-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்தது. அடினாய்டும் டான்சிலும் எடுத்தவர்களில் 7 மாதத்தில் 79 சதவீதம் பேருக்குத் தூக்கப் பரிசோதனை நார்மலுக்கு வந்தது. எடுக்காமல் கவனித்து மட்டும் வந்தவர்களிலும் 46 சதவீதம் பேருக்கு நார்மலானது. அதனால் லேசான பிரச்சனை என்றால் டாக்டர் காத்திருக்கச் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. மூச்சு அடிக்கடி நிற்கிறது, எடை ஏறவில்லை, காதும் கேட்கவில்லை என்றால் காத்திருக்கச் சொல்ல மாட்டார்கள்.

மயக்க மருந்து கொடுத்து வாய்வழியாகவே செய்யும் ஆபரேஷன் இது. வெளியே தையல் தழும்பு இருக்காது. சில நாள் தொண்டை வலிக்கும், குளிர்ந்த ஆகாரம் கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்த பிறகு, ஒன்றிரண்டு வாரத்துக்குள் எப்போது புது ரத்தம் வந்தாலும் உடனே திரும்பப் போக வேண்டும். ரொம்பச் சின்ன வயதில் எடுத்தால் அடினாய்டு மறுபடி வளரவும் சிறு வாய்ப்பு உண்டு.

மூக்கு திறந்த பிறகும் சில பிள்ளைகள் பழக்கத்தில் வாயைத் திறந்தே வைத்திருக்கும். அதற்கு உதட்டுக்கும் நாக்குக்குமான பயிற்சிகள் இருக்கின்றன. பகலில், பிள்ளை முழித்திருக்கும்போது, விளையாட்டு மாதிரி செய்ய வைப்பார்கள். பல் வரிசை மாறியிருந்தால் பல் சீரமைப்பு மருத்துவர் அடுத்து என்ன என்று சொல்வார். பொதுவாக 7 வயது வாக்கில் ஒருதரம் காட்டினால் போதும்.